நாலில் ஒரு பங்கு கப்: கழற்றி மாட்டும் ஸ்ட்ரட்

உயர்ந்த இறக்கை கொண்ட பழைய இலகு விமானங்களின் மாதிரியைக் கட்டுகிற பலரும், உடற்பகுதி, இறக்கை, வால் எல்லாம் முடிந்து மேலுறையான கவரிங்கும் ஒட்டிய பிறகுதான் ஸ்ட்ரட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து உடற்பகுதியின் அடிவிளிம்புக்குச் சாய்வாக இறங்கும் அந்தத் தாங்குதண்டுகள் வெறும் அலங்காரம்தானே என்ற நினைப்பே இதற்குக் காரணம். ஆனால் ஸ்ட்ரட் இறக்கையில் எங்கே பற்றும், எவ்வளவு சுமை தாங்கும், மைதானத்தில் எப்படிக் கழலும் என்ற மூன்றையும் இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப்புகளின் மேல் ஷீட்டிங் எனும் மெல்லிய மரத்தகடு ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு முடிவு செய்தால், முடிவு செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கிடைத்த மரத்தில் கிடைத்த இடத்தில் ஒரு திருகைச் செருகிவிட்டு நல்லதே நடக்கும் என்று நம்புவதுதான் வழி. நான் கட்டிப் பறக்கவிடும், நாலில் ஒரு பங்கு அளவுள்ள பைப்பர் ஜே-3 கப் மாதிரியை வைத்து, கழற்றி மாட்டக்கூடிய ஸ்ட்ரட்டை நான் எப்படி அமைத்தேன், ஏன் அப்படி அமைத்தேன் என்பதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூல விமானத்தைப் பார்த்துவிடுவோம். ஜே-3 கப், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லாக் ஹேவன் நகரில் 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 எண்ணிக்கையில் கட்டப்பட்ட இரண்டு இருக்கை விமானம். இறக்கை விரிவு 10.74 மீட்டர், பயணியும் எரிபொருளும் சேர்ந்த அதிகபட்ச எடை 553 கிலோ, பெரும்பாலானவற்றில் இருந்தது 65 குதிரைத்திறன் எஞ்சின். அதன் இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டங்களான ஸ்பார்களில் முன் ஸ்பாருக்கு ஒரு போல்ட், பின் ஸ்பாருக்கு ஒரு போல்ட், அவ்வளவுதான். அந்த இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து ஒரு கீலாக மட்டுமே வேலை செய்கின்றன. இறக்கை மேலே மடியாமலும் கீழே சாயாமலும் பிடித்திருப்பது, ஆங்கில வி எழுத்தின் வடிவில் இரண்டு ஸ்பார்களிலிருந்தும் இறங்கி உடற்பகுதியின் அடியில் ஒன்றுசேரும் ஸ்ட்ரட் ஜோடிதான். நம் நாட்டில் பெங்களூருவின் எச்.ஏ.எல். நிறுவனம் கட்டி 1958-இல் முதன்முதலாகப் பறந்து, பிறகு பல பறக்கும் கழகங்களில் பயிற்சி விமானமாக உழைத்த புஷ்பக் விமானத்திலும் இதே ஏற்பாட்டைக் காணலாம்.

அந்த ஸ்ட்ரட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1993-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., ஸ்ட்ரட் கொண்ட பைப்பர் விமானங்களுக்கு ஒரு கட்டாயச் சோதனை உத்தரவைப் பிறப்பித்தது. 1999-இல் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. எஃகுக் குழாயின் உட்புறத்தில் ஈரம் தேங்கி உள்ளிருந்தே துரு அரிப்பதும், முனையில் திருகி மாட்டப்படும் மரை போட்ட கவையில் விரிசல் விழுவதும் அந்த உத்தரவுக்குக் காரணங்கள். வெளியே வண்ணம் மங்காமல் இருக்கும், உள்ளே தகடு மெலிந்திருக்கும். உள்ளே ஈரம் புகாதபடி முழுவதும் மூடிய புதுவகை ஸ்ட்ரட்டுகள் பின்னர் வந்து அந்தத் தலைவலியைப் பெருமளவு குறைத்தன. குழாயும் கவையும் மரையும்தான் பலவீனமான இடங்கள் என்ற இந்தச் செய்தி, நாலில் ஒரு பங்கு அளவில் கட்டுகிறவருக்கும் அப்படியே பொருந்தும். எஃகுக்குப் பதில் நம்மிடம் கார்பனும் பிளைவுட்டும் எபாக்ஸிப் பசையும் இருக்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

நாலில் ஒரு பங்கு என்றால் இறக்கை விரிவு ஏறக்குறைய 2.69 மீட்டர். எந்தக் காரிலும் இது ஒரே துண்டாக ஏறாது. எனவே இறக்கை இரண்டாகப் பிரிய வேண்டும், ஸ்ட்ரட்டும் ஒவ்வொரு முறையும் கழன்று மாட்டப்பட வேண்டும். இங்கேதான் இரண்டு பாதைகள் பிரிகின்றன. முதல் பாதையில், உடற்பகுதியின் குறுக்கே ஒரு கனத்த அலுமினியக் குழாய் ஓடி இரண்டு இறக்கைகளுக்குள்ளும் நீளமாக நுழைந்து முழுச் சுமையையும் தானே தாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரட் பார்வைக்கு மட்டும். தயாராகக் கட்டி விற்கப்படும் மாதிரிகளில் பல இப்படித்தான் வருகின்றன. இரண்டாவது பாதையில், மூல விமானத்தைப் போலவே இறக்கையின் வேர், அதாவது உடற்பகுதியோடு சேரும் முனை, வெறும் கீல். சுமையை ஏற்பது ஸ்ட்ரட்.

இரண்டு பாதைகளும் நல்லவையே. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. குழாயும் இருக்கிறது, ஸ்ட்ரட்டும் இறுக்கமாக மாட்டப்பட்டிருக்கிறது என்றால் சுமை இரண்டுக்கும் பாதிப்பாதியாகப் பிரியும் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படிப் பிரிவதில்லை. இரண்டு பாதைகளில் எது அதிக விறைப்பானதோ அதன் தலையில்தான் சுமை ஏறும். முக்கோணமாக அமைந்த ஸ்ட்ரட், வளைந்து கொடுக்கும் குழாயைவிடப் பல மடங்கு விறைப்பானது. ஆகவே அலங்காரத்துக்கென்று இரண்டு சிறிய மரத்திருகுகளில் தொங்கவிடப்பட்ட ஸ்ட்ரட், விமானம் முதல் முறை கூர்மையாக மேலெழும்பும்போதே முழுச் சுமையையும் இழுத்துக்கொண்டு, திருகுகளைக் கவரிங்கோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அலங்கார ஸ்ட்ரட்தான் வேண்டும் என்றால் அதன் கீழ்முனையில் வட்டத் துளைக்குப் பதில் நாலைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள நீள்துளை போட்டு, இறக்கை வளையும்போது அதைப் பிடித்திருக்கும் ஊசி அதில் வழுக்கிச் செல்லும்படி விட்டுவிட வேண்டும். அதுவே சரியான அலங்காரம். நான் இரண்டாவது பாதையை எடுத்தேன். கனத்த குழாயின் எடை மிச்சம், பறக்கும்போது விமானம் உண்மையில் எப்படி நிற்கிறதோ அப்படியே மாதிரியும் நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு.

அந்த முடிவை எடுத்தபின் கணக்குப் போட்டே ஆக வேண்டும். கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. விமானத்தின் எடை 6 கிலோ, ஒரு தாழ்வுப் பாய்ச்சலிலிருந்து நிமிரும்போது நான்கு ஜி விசை, அதாவது எடையைப் போல் நான்கு மடங்கு, வருகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தூக்குவிசை 24 கிலோ, ஒரு பக்கத்துக்கு 12 கிலோ. அந்த விசையின் மையம் ஸ்ட்ரட் பற்றும் இடத்துக்கு அருகிலேயே விழுகிறது. ஸ்ட்ரட் இறக்கையோடு சேரும் கோணம் என் மாதிரியில் சுமார் 27 பாகை. அதன் சைன் மதிப்பு 0.45. பன்னிரண்டை இதால் வகுத்தால் ஸ்ட்ரட்டின் வழியாக ஓடும் இழுவிசை கிட்டத்தட்ட 26 கிலோ. கோணம் இன்னும் படுத்திருந்தால் இது மேலும் ஏறும். இதோடு முடியவில்லை. சாய்வாக இழுக்கும் ஸ்ட்ரட், இறக்கையை உடற்பகுதியை நோக்கி 23 கிலோவுக்குமேல் அழுத்துகிறது. எனவே வேர்ப்பகுதியின் ரிப்பும் அது மோதும் உடற்பகுதிச் சட்டமும் நசுங்காதபடி பிளைவுட்டால் செய்யப்பட்டிருக்க வேண்டும். இறக்கையின் சொந்த எடை இந்தச் சுமையில் சிறிது கழியும் என்றாலும் நான் கழிக்கவில்லை, அது பாதுகாப்புக்கு இருக்கட்டும். தலைகீழ் விசை வரும்போது, அதாவது காற்றுக்குழியில் விழும்போதோ முரட்டுத்தனமாகத் தரையிறங்கும்போதோ, எல்லாமே திரும்பிவிடும்: ஸ்ட்ரட் அமுங்கும், இறக்கை வெளியே நழுவப் பார்க்கும்.

26 கிலோ என்றதும் பலர் தடிமனான போல்ட்டைத் தேடத் தொடங்குவார்கள். சாதாரண 8.8 தரத்து எம்3 (3 மில்லிமீட்டர் விட்டமுள்ள) எஃகு போல்ட் ஒன்று இழுவிசையில் ஏறத்தாழ 400 கிலோ தாங்கக்கூடியது. குறுக்குவெட்டு விசையில் அதில் பாதிக்குமேல். போல்ட் ஒருபோதும் உடையப் போவதில்லை. உடைவது அந்த போல்ட் எந்த மரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த மரமும், மரத்தை ஸ்பாரோடு சேர்த்திருக்கும் பசையும்தான். ஆகவே உழைப்பை எல்லாம் அங்கேதான் செலவிட வேண்டும்.

இறக்கைக்குள் நான் செய்தது இது. ஸ்ட்ரட் சேரும் இடத்தில் மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையில் ஒரு கடினமரக் கட்டையை, இரண்டு ரிப்புகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் முழுவதையும் நிரப்பும்படி வெட்டிச் செருகி, முன்னும் பின்னும் ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட் வெப், அதாவது செங்குத்துத் தடுப்புத் தகடு, ஒட்டினேன். அலுமினியப் பற்றுத்தகட்டைக் கட்டையின் அடிப்பரப்பில் வைத்துத் திருகினால் திருகு நேராக வெளியே இழுபடும், அதை விரும்பவில்லை. அதற்குப் பதில் தகட்டைச் செங்குத்தாகக் கட்டையின் பக்கவாட்டில் கிடத்தி, இரண்டு எம்3 போல்ட்டுகள் குறுக்கே கட்டையைத் துளைத்து மறுபக்கம் வாஷரோடு, தானாகத் தளராத நைலாக் நட்டில் முடியும்படி செய்தேன். இப்போது தகடு கீழே இழுக்கப்படும்போது போல்ட்டுகள் மரத்தின் இழைகளைக் குறுக்கே அழுத்துகின்றன; பிய்த்துக்கொண்டு வர வழியில்லை. தகட்டின் நுனி மட்டும் கவரிங்கில் ஒரு சிறு பிளவு வழியாக ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துளையிட்ட பிறகு மரத்தின் துளைச் சுவர்களில் மெல்லிய எபாக்ஸியை ஊறவிட்டு, அது இறுகியபின் மீண்டும் 3 மில்லிமீட்டர் பிட்டால் சுத்தம் செய்தேன். இப்படிச் செய்யாத துளை சில காலத்தில் முட்டை வடிவத்துக்கு மாறிவிடும்.

தகட்டுக்குப் பயன்படுத்திய அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். கடினமான விமானத்தர அலுமினியத்தைக் கூர்மையாக மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். கடைத்தெருவில் கிடைக்கும் மென்மையான தகடு மடியும், ஆனால் துளை சீக்கிரம் விரிந்துவிடும். மடிப்பே தேவைப்படாதபடி வடிவமைப்பதுதான் இதற்கு நான் கண்ட வழி. தகடு நேராகவே இறங்குகிறது. கோணத்தைச் சரிசெய்வது ஸ்ட்ரட்டின் முனையிலுள்ள கவை. கவையின் இரண்டு கன்னங்களுக்கு நடுவே தகடு நுழைந்து, ஊசி மூன்றையும் துளைத்துச் செல்கிறது. ஒற்றைத் தகட்டோடு ஒற்றைத் தகட்டைச் சேர்த்தால் ஊசி சாய்ந்து, தகடு ஒவ்வொரு பறப்பிலும் சற்றே முறுக்கப்பட்டு, ஒரு நாள் சோர்ந்து முறியும். கவை இருந்தால் அந்த முறுக்கு இல்லை.

உடற்பகுதியின் அடியில் வேலை எளிது, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடது ஸ்ட்ரட் உடற்பகுதியை இடப்பக்கம் இழுக்கிறது, வலது ஸ்ட்ரட் வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பற்றுத்தகடு ஒட்டினால் அந்த இரண்டு விசைகளும் பசையின் வழியாகவும் மென்மையான பல்சா மரத்தின் வழியாகவும் ஒன்றையொன்று தேடிப் போக வேண்டியிருக்கும். ஒரே அலுமினியப் பட்டையை உடற்பகுதியின் அடியில் குறுக்கே இடமிருந்து வலமாக ஓடவிட்டு அதன் இரு நுனிகளிலும் ஸ்ட்ரட்டுகளை மாட்டினால், இரண்டு பக்கவாட்டு இழுப்புகளும் அந்தப் பட்டைக்குள்ளேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். மரத்துக்கு மிஞ்சுவது மேல்நோக்கிய தூக்குவிசை மட்டுமே. அந்தப் பட்டை மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் தளத்தின் அடியில் கிடக்க, தளம் முன்பக்கச் சட்டத்தோடும் நீளச்சட்டங்களோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. தரையிறங்கும் சக்கரங்களின் அமைப்பும் அதே இடத்தில் வருவதால், இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டால் ஒரு தளத்தின் எடை மிச்சமாகும்.

இனி கழற்றும் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துக்கு இரண்டு ஸ்ட்ரட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, கூடவே ஜூரி ஸ்ட்ரட் எனப்படும் குட்டித் தாங்கிகள் என்று எண்ணினால், முழுவதையும் கழற்றி மாட்டுவதற்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சிறு ஊசிகளும் நட்டுகளும் தேவைப்படும். காலை வெயில் ஏறுவதற்குள் பறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், புல்லில் விழுந்த ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதரை எந்த மைதானத்திலும் காணலாம். கழற்றத்தக்க அமைப்பு என்றால் எல்லாமே கழல வேண்டும் என்பதில்லை. எது கட்டாயம் கழல வேண்டுமோ அது மட்டும் கழன்றால் போதும். என் மாதிரியில் ஸ்ட்ரட்டுகளின் மேல்முனை இறக்கையிலிருந்து பிரிவதே இல்லை. கீழ்முனையில் பக்கத்துக்கு ஒரே ஓர் ஊசி. அதை உருவியதும் வி வடிவ ஜோடி முழுவதும் மேல்முனைகளைக் கீலாகக் கொண்டு சுழன்று இறக்கையின் அடிப்பரப்போடு தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஒரு துணிப்பட்டை அதைக் கட்டிவைக்கும். இடதும் வலதும் மாறிப்போகும் குழப்பமும் இதனால் இல்லை.

இப்படி மடிய வேண்டுமானால் முன் ஸ்ட்ரட்டின் மேல் ஊசியும் பின் ஸ்ட்ரட்டின் மேல் ஊசியும் ஒரே நேர்கோட்டில், விமானத்தின் நீளப்போக்கில் அமைந்திருக்க வேண்டும். கதவின் கீல்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு பாதியில் முறுக்கிக்கொண்டு நிற்குமே, அதே கதைதான். இதற்கு நான் பயன்படுத்திய உபாயம், பற்றுத்தகடுகளை இறக்கைக்குள் பொருத்தும்போதே 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி ஒன்றை இரண்டு தகடுகளின் துளைகளுக்குள்ளும் நீளமாகச் செருகி, கம்பி வேர் ரிப்புக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து, அப்படியே எபாக்ஸி இறுகும்வரை விட்டுவிட்டதுதான். கம்பி விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். தகட்டின் மேல் எபாக்ஸி வழிந்து கம்பியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கம்பியில் மெழுகு தேய்த்துக்கொள்வது அவசியம்.

ஸ்ட்ரட்டின் உடலுக்கு 6 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள கார்பன் குழாயை எடுத்துக்கொண்டேன். மூல விமானத்தின் குழாய் காற்றோட்ட வடிவம் கொண்டது. அந்தத் தோற்றத்துக்காக முன்புறம் அரைவட்டமாகவும் பின்புறம் கூராகவும் செதுக்கிய பல்சாப் பட்டைகளைக் குழாயின் இருபுறமும் ஒட்டி, இறக்கைக்குப் போட்ட அதே மஞ்சள் கவரிங்கைச் சுற்றினேன். குழாயின் முனைகளுக்குள் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எம்3 மரைக்கம்பியை எபாக்ஸியில் பதித்தேன். கம்பியிலுள்ள எண்ணெய்ப்பசையை அசிட்டோனால் துடைத்து, அரத்தால் சொரசொரப்பாக்கி, கம்பி குழாயின் நடுவில் நிற்பதற்காக இரு இடங்களில் நூல் சுற்றி, அதன் பிறகே பசை. கார்பன் குழாய் நீளவாக்கில் பிளக்கும் குணமுடையது என்பதால் முனையின் வெளிப்புறத்தில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி அதன் மேலும் மெல்லிய எபாக்ஸி பூச வேண்டும். இந்த நூல் கட்டு இல்லாவிட்டால் முதல் முரட்டுத் தரையிறக்கத்திலேயே குழாய் மூங்கில் பிளாச்சாகிவிடும்.

இழுவிசையில் இந்தக் குழாய்க்கு எந்தக் கவலையும் இல்லை. அமுக்கத்தில்தான் கவலை. மெல்லிய நீண்ட தண்டு நசுங்குவதற்கு வெகு முன்பே வளைந்து நொடிந்துவிடும். அந்த நொடிசுமையைக் கணிதவியலாளர் ஆய்லரின் சூத்திரத்தால் கணிக்கலாம். குழாயின் நெகிழ்வுக்கெழு (அதன் பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) 100 ஜிகாபாஸ்கல், நீளம் 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் நொடிசுமை சுமார் பத்தரைக் கிலோ. இரண்டு ஜி தலைகீழ் விசை வந்தால் ஸ்ட்ரட்டில் விழும் அமுக்கமோ ஏறத்தாழ 13 கிலோ. பெரும்பகுதியை ஏற்பது முன் ஸ்ட்ரட்தான் என்பதால், பின் ஸ்ட்ரட் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இதற்காகவே மூல விமானத்தில் ஸ்ட்ரட்டின் நடுவிலிருந்து இறக்கைக்குச் செங்குத்தாக ஒரு குட்டித் தாங்கி ஏறுகிறது. அதுதான் ஜூரி ஸ்ட்ரட். நடுவில் ஓர் இடத்தில் பிடித்தால் வளையக்கூடிய நீளம் பாதியாகிறது, நொடிசுமை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் நான்கு மடங்காகிறது. பத்தரைக் கிலோ 42 கிலோவாகிவிடும். மாதிரி கட்டுகிறவர்கள் முதலில் தூக்கியெறிகிற பாகம் ஜூரி ஸ்ட்ரட்டாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். காந்தத்தில் ஒட்டி நிற்கும் ஜூரி ஸ்ட்ரட்டுகளும் புழக்கத்தில் உண்டு. அலங்கார ஸ்ட்ரட்டுக்கு அவை போதும், சுமை தாங்கும் ஸ்ட்ரட்டுக்கு அவை உதவா. என்னுடையவை ஸ்ட்ரட்டோடு பித்தளைக் குழாய்த் துண்டில் சுழலும்படி நிரந்தரமாகச் சேர்ந்திருக்கின்றன. இறக்கையின் முனையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் திருகு. மடிக்கும்போது இந்தத் திருகைக் கழற்ற வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் இந்த அமைப்பில் எனக்கு இன்னும் திருப்தி தராத இடம்.

பின் ஸ்ட்ரட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன் ஸ்ட்ரட் இறக்கையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. பின் ஸ்ட்ரட் இறக்கையின் முறுக்கைத் தீர்மானிக்கிறது. இறக்கையின் நுனி, வேரைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் காற்றைச் சந்திக்க வேண்டும் என்பது கப் போன்ற விமானங்களின் நற்குணத்துக்கு அடிப்படை. வாஷ்அவுட் எனப்படும் அந்த முறுக்கு இருந்தால், வேகம் குறையும்போது வேர்ப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும், நுனியிலுள்ள, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரான் கடைசிவரை கட்டுப்பாட்டில் இருக்கும். மூல விமானத்தில் பின் ஸ்ட்ரட்டின் கவையைத் திருகி நீளத்தை மாற்றித்தான் இயந்திரப் பணியாளர்கள் இந்த முறுக்கைச் சரிசெய்கிறார்கள். மாதிரியிலும் அதையே செய்யலாம். எம்3 மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்வு. ஸ்ட்ரட் சாய்வாக இருப்பதால் பின் ஸ்பார் அந்த இடத்தில் 1.1 மில்லிமீட்டர் உயரும் அல்லது தாழும். இரண்டு ஸ்பார்களுக்கும் இடைவெளி 18 சென்டிமீட்டர் என்பதால் இறக்கை திரும்புவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை. இவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்ய முடிவது ஒரு வரம். அதுவே சாபமாகவும் ஆகலாம்: பின் ஸ்ட்ரட்டைச் சில மில்லிமீட்டர் குறைவான நீளத்தில் செய்து, துளைகள் சேரவில்லை என்று இறக்கையை அமுக்கி ஊசியைச் செருகினால், ஒரு பக்க இறக்கை மட்டும் தலைகீழாக முறுக்கிக்கொள்ளும், மெதுவாகத் தரையிறங்க வரும்போது அந்தப் பக்கத்து நுனி சட்டென்று விழும். எனவே ஸ்ட்ரட்டுக்கு ஏற்ப இறக்கையை இழுக்காமல், இறக்கையைச் சரியான கோணத்தில் கட்டைகள் வைத்து நிறுத்திவிட்டு, அதற்குத் தக ஸ்ட்ரட்டின் நீளத்தைத் திருக வேண்டும். இரண்டு நுனிகளிலும் கோணமானி வைத்து ஒன்றரைப் பாகை வாஷ்அவுட் இருபுறமும் சமமாக வரும்வரை திருகி, பிறகு பூட்டு நட்டை இறுக்கி, அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு போட்டுவிட்டேன். நட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

உதிரிப் பாகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கிட்டுகளோடு, அதாவது கட்டுவதற்கான பாகத் தொகுப்புகளோடு, வரும் நட்டுகளும் மரத்தில் பதிக்கும் பிளைண்ட் நட்டுகளும் அங்குல அளவினவை. இந்த அளவு மாதிரிகளில் பெரும்பாலும் 4-40 என்ற மரை இருக்கும். அதன் விட்டம் 2.84 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.635 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைப்பது எம்3, இடைவெளி 0.5. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், முதல் ஒரு சுற்று ஏறவும் செய்யும், அதன்பிறகு இறுகி மரையையே தின்றுவிடும். கிட்டிலுள்ள அங்குல உதிரிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்துவிட்டு, எல்லாவற்றையும் எம்3-க்கு மாற்றிக்கொள்வதே நல்லது. மைதானத்தில் ஒரு நட் தொலைந்தாலும் அருகிலிருக்கும் எவரிடமாவது மாற்று கிடைக்கும். உலோகத்தில் உலோகம் திருகும் இடங்களில் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லோக்டைட் பசை ஒரு துளி போதும். நைலாக் நட்டுக்கு அது தேவையில்லை. சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்யும் என்பதால் வழியவிடவும் கூடாது.

கீழ் ஊசிக்குத் தலையுள்ள கிளெவிஸ் ஊசியும், அது நழுவாமல் பிடிக்க ஆர் வடிவக் கிளிப்பும் வைத்திருக்கிறேன். தனியாக ஸ்பிரிங் பூட்டு, விரைவுப் பூட்டு என்று பலவகை உண்டு. எதையும் நான் நம்புவதில்லை, ஏனெனில் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது ஓரடி தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆர் கிளிப் கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு மீன்பிடி நரம்பால் ஸ்ட்ரட்டோடு கட்டிவிட்டால் தொலையவும் தொலையாது. ஊசி முன்னாலிருந்து பின்னாகச் செருகப்பட வேண்டும். கிளிப் நழுவினாலும் காற்று ஊசியை உள்ளேயே தள்ளிக்கொண்டிருக்கும். கடலோர ஊரில் வசிப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஊசியையே வாங்க வேண்டும். சாதாரண எஃகுக் கம்பி ஒரு மழைக்காலத்தில் பழுப்பேறி, துளைக்குள் சிக்கிக்கொண்டு, இடுக்கி இல்லாமல் வெளியே வராது.

பறக்கவிடுவதற்கு முன் வீட்டிலேயே சுமைச் சோதனை செய்துவிட வேண்டும். விமானத்தைத் தலைகீழாகக் கிடத்தி, உடற்பகுதியை மட்டும் மெத்தை போட்ட தாங்கிகளில் நிறுத்தி, இறக்கையின் அடிப்பரப்பில், அதாவது இப்போது மேலே இருக்கும் பரப்பில், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளை ஸ்பார் ஓடும் கோட்டின் மேல் வேரிலிருந்து நுனிவரை பரவலாக அடுக்கினேன். பக்கத்துக்கு எட்டரைக் கிலோ வைத்தால் இறக்கையின் சொந்த எடையும் சேர்ந்து நான்கு ஜி சோதனைக்கு ஈடாகிறது. இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் உருண்டுவிடும். பாக்கெட் ஏற ஏற நுனி எவ்வளவு தாழ்கிறது என்பதைவிட, எடுத்த பிறகு பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. திரும்பாவிட்டால் எங்கோ பசை விட்டிருக்கிறது, அல்லது மரம் நசுங்கியிருக்கிறது என்று பொருள். சோதனையின்போது காதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எபாக்ஸி விடுபடும்போது வரும் சின்னச் சொடக்கு, கண்ணுக்குத் தெரியும் எந்தக் குறையையும்விட முன்னதாகச் செய்தி சொல்லும்.

மைதானத்தில் மாட்டும் வரிசை இப்போது எளிதாகிவிட்டது. இறக்கையை வேர் ஊசிகளில் செருகி, ஐலரானை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களின் கம்பிகளை இணைத்து, நழுவாமல் இருக்க வேர்த்திருகைப் போட்டு, மடித்திருந்த ஸ்ட்ரட்டை இறக்கிக் கீழ் ஊசியையும் கிளிப்பையும் மாட்டி, ஜூரி ஸ்ட்ரட்டின் திருகை முடுக்கினால் ஒரு பக்கம் முடிந்தது. இறக்கையைச் செருகிவிட்டு ஸ்ட்ரட் மாட்டும்வரை அதன் நுனியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அல்லது நுனிக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை வேண்டும்; வேர் வெறும் கீல்தான் என்பதை மறந்து கைவிட்டால் வேர் ரிப்பு கிழிந்துவிடும். எல்லாம் மாட்டியபின் இரண்டு இறக்கை நுனிகளையும் பிடித்து விமானத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பார்க்கிறேன். ஸ்ட்ரட்டுக்கு இது ஏறத்தாழ இரண்டு ஜி சுமைக்குச் சமம், கிளிப் போட மறந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவ்வப்போது கீழ் ஊசியை உருவி, பட்டையின் துளைக்குள் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டுப் பகுதியைச் செருகி ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்டம் கையில் தெரியத் தொடங்கினால் துளையை 4 மில்லிமீட்டராக விரித்து, அதே வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள பித்தளைக் குழாய்த் துண்டைப் புஷ்ஷாக அடித்துச் செருகிவிடுகிறேன். இடது பக்கத்துக் கீழ்த் துளைக்கு அப்படிச் செய்தாகிவிட்டது. வலது பக்கம் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது.